போரின் செலவு யார் கணக்கில் எழுதப்படுகிறது?

2007 பிப்ரவரியில், ஈராக் போர் தொடங்கி நான்கு ஆண்டுகள் நிறையவிருந்த வேளையில், அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனமும் இப்சோஸ் நிறுவனமும் சேர்ந்து நடத்திய ஒரு கருத்துக் கணிப்பில் அமெரிக்க மக்களிடம் இரண்டு கேள்விகள் கேட்கப்பட்டன. அந்தப் போரில் இதுவரை எத்தனை அமெரிக்கப் படையினர் இறந்திருப்பார்கள் என்பது ஒன்று. எத்தனை ஈராக்கியக் குடிமக்கள் இறந்திருப்பார்கள் என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு வந்த பதில்களை வரிசைப்படுத்தினால் நடுவில் நின்ற எண் மூவாயிரத்தை ஒட்டியிருந்தது. உண்மையில் இறந்தவர்கள் 3,100 பேருக்குச் சற்று அதிகம். தங்கள் நாட்டுப் படையினரின் இழப்பை மக்கள் ஏறத்தாழச் சரியாகவே அறிந்திருந்தார்கள். இரண்டாவது கேள்விக்கு நடுவில் நின்ற எண் பத்தாயிரத்தைக்கூடத் தொடவில்லை. செய்திகளிலும் பதிவுகளிலும் இடம்பெற்ற மரணங்களை மட்டும் எண்ணிய மிகச் சிக்கனமான பட்டியலே அப்போது ஐம்பதாயிரத்தைத் தாண்டியிருந்தது.

இதைக் கேட்டதும், "மனிதர்களுக்கு ஈரம் வற்றிவிட்டது" என்று சொல்லி நகர்ந்துவிடத் தோன்றும். போர்களைப் பற்றிய நம் உரையாடல்களில் இந்த வாக்கியம் அடிக்கடி வருகிறது. கூடவே, இத்தனை லட்சம் பேர் மாண்டார்கள் என்று ஒருவர் ஓர் எண்ணைச் சொல்வதும், அதை மறுத்து மற்றவர் வேறோர் எண்ணைச் சொல்வதும் நடக்கின்றன. எந்த எண் எதை எண்ணுகிறது என்று கேட்பவர் குறைவு. போரின் மனித இழப்பு எவ்வாறு கணக்கிடப்படுகிறது, அந்த இழப்புக்கு எதிரான பொதுமக்களின் குரல் ஏன் தேய்கிறது என்னும் இரண்டையும் அடிப்படையிலிருந்து விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். வெவ்வேறு விஷயங்களாகத் தோன்றினாலும், செலவு யார் தலையில் விழுகிறது, அது யார் கண்ணுக்குத் தெரிகிறது என்ற இடத்தில் இரண்டும் ஒன்றாகின்றன.

வெள்ளத்தில் இறந்தவர்கள் யார்?

ஓர் ஊரில் வெள்ளம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஐந்து பேரை ஆறு அடித்துச் செல்கிறது. மின்சாரம் நின்றுபோனதால் டயாலிசிஸ் செய்துகொள்ள முடியாமல் ஒரு பெரியவர் இறக்கிறார். பாலம் உடைந்து ஆம்புலன்ஸ் சுற்றிப் போக நேர்ந்ததில், பிரசவ வலியோடு கிளம்பிய ஒரு பெண் வழியிலேயே உயிரிழக்கிறார். இரண்டு வாரம் கழித்து, சாக்கடை கலந்த குடிநீரால் வயிற்றுப்போக்கு வந்து ஒரு குழந்தை சாகிறது. வருவாய்த் துறையின் பட்டியலில் ஐந்து பெயர்கள் உறுதியாக இடம்பெறும். மற்ற மூவரின் இறப்புச் சான்றிதழில் "சிறுநீரகச் செயலிழப்பு" போன்ற சொற்கள் இருக்கும். "வெள்ளம்" என்ற சொல் எங்கும் இருக்காது. ஆனால் வெள்ளம் வராமலிருந்தால் அந்த மூவரும் அநேகமாக உயிரோடு இருந்திருப்பார்கள்.

போரிலும் இதே பிரிவினைதான். குண்டு, தோட்டா, கண்ணிவெடி ஆகியவற்றால் நிகழும் சாவு நேரடி மரணம் எனப்படுகிறது. போர் சிதைத்துவிட்ட மருத்துவமனை, குடிநீர், உணவு, சாலை ஆகியவற்றின் காரணமாக, சண்டை நடக்கும் இடத்திலிருந்து வெகு தொலைவிலோ, சண்டை ஓய்ந்து வெகுநாள் கழித்தோ நிகழும் சாவு மறைமுக மரணம். படங்களில் நாம் காண்பது முதல் வகையை; எண்ணிக்கையில் பெரும்பாலும் மிகுதியாக இருப்பது இரண்டாவது வகை.

ஏமன் இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. 2021 இறுதி வரையில் அந்நாட்டுப் போர் சுமார் 3,77,000 உயிர்களைக் குடித்திருக்கும் என்று ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டம் மதிப்பிட்டது. அவற்றில் ஏறத்தாழ 60 விழுக்காடு மறைமுக மரணங்கள். 2017இல் அங்கே பரவிய காலராவில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு நோய்த்தொற்று இருக்கலாம் என்று பதிவானது. காலராவுக்கு மருந்து உண்டு. உப்பும் சர்க்கரையும் கலந்த சுத்தமான நீரே பல நோயாளிகளைக் காப்பாற்றிவிடும். குண்டு விழுந்த நீரேற்று நிலையத்தில் அந்தச் சுத்தமான நீர்தான் இல்லை.

உலகின் பல போர்களை ஒப்பிட்டுப் பார்த்த ஜெனீவாப் பிரகடனச் செயலகத்தின் 2008ஆம் ஆண்டு அறிக்கை, ஒரு நேரடி மரணத்துக்கு 3 முதல் 15 வரை மறைமுக மரணங்கள் நிகழ்வதாகக் கண்டது. இந்த இடைவெளி இவ்வளவு அகலமாக இருப்பதற்குக் காரணம், போருக்கு முன் அந்த நாடு எப்படி இருந்தது என்பதே. நல்ல மருத்துவக் கட்டமைப்பு கொண்ட நாடு சில காலம் தாக்குப்பிடிக்கும். ஏற்கெனவே நலிந்திருந்த நாட்டில் ஒரு சாலை துண்டிக்கப்படுவதே ஒரு வட்டாரத்துக் குழந்தைகளின் தடுப்பூசியைத் துண்டித்துவிடும்.

பெயர் தெரியாத சாவை எப்படி எண்ணுவது?

சான்றிதழில் போர் என்று எழுதப்படாத சாவைப் போரின் கணக்கில் சேர்ப்பது எப்படி என்ற கேள்வி நியாயமானது. இதற்கான விடையை நாம் அண்மையில் நம் நாட்டிலேயே கண்டிருக்கிறோம். 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளில் இந்தியாவில் கொரோனாவால் இறந்தவர்கள் சுமார் 4.8 லட்சம் என்பது அரசின் கணக்கு. அதே காலத்துக்கு உலக சுகாதார நிறுவனம் சொன்ன எண் சுமார் 47 லட்சம். இந்திய அரசு அந்தக் கணக்கிடும் முறையை ஏற்கவில்லை. இங்கே கவனிக்க வேண்டியது, இரண்டு எண்களும் ஒரே பொருளை அளக்கவில்லை என்பதுதான். முதல் எண், கொரோனா என்று மருத்துவப் பதிவேட்டில் எழுதப்பட்ட சாவுகளின் எண்ணிக்கை. இரண்டாவது, வழக்கமான ஆண்டுகளில் எத்தனை பேர் இறந்திருப்பார்களோ அதைவிட அதிகமாக இறந்தவர்களின் எண்ணிக்கை. இந்த இரண்டாவது அளவைத்தான் மிகை மரணம் என்கிறோம்.

மிகை மரணத்தைக் காண்பதற்கு வேண்டியவை ஒரு கழித்தலும் ஒரு பெருக்கலும் மட்டுமே. ஈராக்கில் 2006இல் செய்யப்பட்டு லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஆய்வை எடுத்துக்கொள்வோம். படையெடுப்புக்கு முன் ஆயிரம் பேருக்கு ஆண்டுக்கு 5.5 பேர் வீதம் இறந்துகொண்டிருந்தார்கள் என்றும், படையெடுப்புக்குப் பின் அந்த வீதம் 13.3 ஆக உயர்ந்தது என்றும் அந்த ஆய்வு கண்டது. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை நாட்டின் மக்கள்தொகையாலும் கழிந்த காலத்தாலும் பெருக்கியபோது கிடைத்தது சுமார் 6,55,000.

ஆயிரம் பேருக்கு இத்தனை என்ற வீதம் எங்கிருந்து கிடைத்தது? நாடெங்கும் 47 இடங்களைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, அங்கிருந்த 1,849 வீடுகளின் கதவைத் தட்டி, இந்தக் குடும்பத்தில் யார் எப்போது எப்படி இறந்தார்கள் என்று கேட்டார்கள். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்ற நம் சமையலறை அறிவுதான் இது. மாதிரிக் கணக்கெடுப்பு என்பது அதன் பெயர். ஆனால் பதம் பார்ப்பவர்களுக்கு ஓர் அச்சம் எப்போதும் உண்டு: சோறு அடியில் குழைந்தும் மேலே வேகாமலும் இருந்தால், கையில் சிக்கிய பருக்கை பானையைப் பற்றிப் பொய் சொல்லும். போரின் வன்முறை ஒருபோதும் சீராக வெந்த சோறு அல்ல. ஒரு தெரு தரைமட்டமாகியிருக்கும், அடுத்த தெருவில் கண்ணாடிகூட உடைந்திருக்காது. அதனால்தான் அந்த ஆய்வு 6,55,000 என்ற ஒற்றை எண்ணோடு, உண்மை சுமார் 3.9 லட்சத்துக்கும் 9.4 லட்சத்துக்கும் இடையில் இருக்கலாம் என்ற அகன்ற வீச்சையும் சேர்த்தே தந்தது. செய்தித்தாள்களுக்கு ஒற்றை எண் போதுமானதாக இருந்தது.

அந்த ஆய்வு கடும் விமர்சனத்துக்கு உள்ளானது; வீடுகளைத் தேர்ந்தெடுத்த விதத்தைப் பற்றிய கேள்விகள் இன்றும் முழுவதும் அடங்கவில்லை. ஏறத்தாழ அதே காலப்பகுதியை, ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் விசாரித்த மற்றோர் ஆய்வு, வன்முறையால் மட்டும் சுமார் 1,51,000 பேர் இறந்ததாகச் சொன்னது. செய்திகளிலும் மருத்துவமனை, பிணவறைப் பதிவுகளிலும் இடம்பெற்ற குடிமக்கள் சாவுகளை ஒவ்வொன்றாகத் தொகுத்துவந்த ஈராக் பாடி கவுன்ட் என்ற குழுவின் பட்டியலில் அக்காலத்துக்கு ஐம்பதாயிரத்துக்குச் சற்றுக் குறைவாகவே இருந்தது. 2013இல் வெளியான இன்னோர் ஆய்வு 2003 முதல் 2011 வரைக்குமான மிகை மரணம் ஐந்து லட்சத்தை நெருங்கும் என்றது.

இவற்றில் எது சரி என்று உடனே கேட்பது புதியவர்கள் செய்யும் தவறு. புதியவர்கள் மட்டுமல்ல, தொலைக்காட்சி விவாதங்களில் வந்தமர்பவர்களும் செய்யும் தவறு. ஒன்று பதிவான சாவுகளை எண்ணுகிறது, ஒன்று வன்முறைச் சாவுகளை மதிப்பிடுகிறது, ஒன்று எல்லாக் காரணங்களாலும் கூடிய சாவுகளை மதிப்பிடுகிறது. ஆய்வுகளுக்கிடையே உண்மையான முரண்பாடுகள் உண்டு என்றாலும், மேலோட்டமாகத் தெரியும் வேறுபாட்டில் பெரும்பகுதி கேள்வியின் வேறுபாடுதான். பதிவானவற்றை மட்டும் எண்ணும் பட்டியல் எப்போதும் தரைமட்டம்: உண்மை அதற்குக் கீழே போக வாய்ப்பு மிகக் குறைவு, மேலே எவ்வளவு தூரம் என்பது அந்தப் பட்டியலுக்குத் தெரியாது. அன்றைய அமெரிக்க அதிபர் புஷ், 2005 டிசம்பரில் முப்பதாயிரம் என்ற எண்ணைத் தாமே சொல்லிவிட்டு, அடுத்த ஆண்டு லான்செட் எண்ணை நம்பத்தகாதது என்று ஒதுக்கியபோது, ஒரு தரைமட்டத்தைக் கூரையாகப் பயன்படுத்திக்கொண்டார்.

கழித்துப் பார்க்கையில் மிஞ்சியவர்கள்

மிகை மரணக் கணக்கில் மிக நுட்பமான பகுதி, எதிலிருந்து கழிக்கிறோம் என்பது. போர் நடக்காமலிருந்தால் நிலவியிருக்கும் இறப்பு வீதத்தை அடிநிலை என்பார்கள். காங்கோ ஜனநாயகக் குடியரசில் 1998 முதல் 2007 வரை 54 லட்சம் மிகை மரணங்கள் நிகழ்ந்ததாக சர்வதேச மீட்புக் குழு என்ற உதவி நிறுவனம் மதிப்பிட்டது; அவற்றில் மிகப் பெரும்பாலானவை மலேரியா, வயிற்றுப்போக்கு, நிமோனியா, ஊட்டக்குறைவு ஆகியவற்றால் நிகழ்ந்தவை. போருக்கு முன்பே காங்கோவில் இறப்பு வீதம் உயர்வாக இருந்ததால் அக்குழு எடுத்துக்கொண்ட அடிநிலை மிகத் தாழ்வானது என்று பின்னர் மற்ற ஆய்வாளர்கள் வாதிட்டார்கள். அடிநிலையைச் சற்று உயர்த்தினால் இறந்தோர் எண்ணிக்கை லட்சக்கணக்கில் சுருங்கிவிடும். சாவுகள் அதேதான், எவை போரின் கணக்கில் சேரும் என்பதே வழக்கு.

தமிழ் வாசகர்களுக்கு நெருக்கமான ஓர் எண்ணிலும் இதே போன்றதொரு கழித்தல் ஒளிந்திருக்கிறது. 1,46,679 என்ற எண்ணை அறியாதவர் நம்மில் குறைவு. முள்ளிவாய்க்காலில் கொல்லப்பட்டோரின் எண்ணிக்கையாகவே அது மேடைகளில் சொல்லப்படுகிறது. 2011 ஜனவரியில் மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு, இலங்கை அரசு அமைத்த ஆணைக்குழுவின் முன் அந்த எண்ணை வைத்தபோது அவர் செய்தது வேறு. 2008 அக்டோபரில் வன்னியில் இருந்த மக்கள் 4,29,059 பேர் என்பது அரசின் கச்சேரிப் (மாவட்டச் செயலகப்) பதிவு. அதன்பின் அரசுக் கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்துசேர்ந்தோர் 2,82,380 பேர். ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்து, எஞ்சிய இவர்களுக்கு என்ன நேர்ந்தது என்று அவர் அரசைக் கேட்டார். அது கணக்கில் வராதோரின் எண், ஒரு கேள்வி. ஐ.நா. பொதுச்செயலர் அமைத்த வல்லுநர் குழு 2011இல் நாற்பதாயிரம் வரையிலான குடிமக்கள் இறந்திருக்க வாய்ப்புண்டு என்பதை மறுக்க முடியாது என்றது, ஐ.நா.வின் உள்ளக ஆய்வு மறு ஆண்டில் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் கணக்கில் வரவில்லை என்ற தகவலைச் சுட்டியது. கேள்வியாக எழுப்பப்பட்டதை விடையாகச் சொல்லும்போது, விடை சொல்ல வேண்டிய அரசின் சுமை நாம் அறியாமலே இறங்கிவிடுகிறது என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

மொத்த மக்கள்தொகை என்ற எண்ணே எவ்வளவு அரசியல் நிறைந்தது என்பதற்கும் வன்னியே சான்று. 2009 பிப்ரவரியில் அங்கே சுமார் 70,000 பேரே இருப்பதாக இலங்கை அரசு சொன்னது. முடிவில் முகாம்களுக்கு வந்தவர்கள் சுமார் 2,90,000. எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதைக் குறைத்துச் சொன்னால் எத்தனை பேருக்கு உணவு அனுப்ப வேண்டும் என்பதும் குறையும்.

இதுவரை சொன்னவற்றைச் சுருக்கிக்கொள்வோம். போரின் சாவுகளில் நேரடியானவை உண்டு, மறைமுகமானவை உண்டு. பதிவானவற்றை எண்ணினால் தரைமட்டம் கிடைக்கும். வழக்கமான இறப்பு வீதத்தைக் கழித்தால் மிகை மரணம் கிடைக்கும். எண்கள் முரண்படுகையில், ஒவ்வொன்றும் எதை எண்ணியது, எதிலிருந்து கழித்தது என்பதைப் பார்க்க வேண்டும்.

உயிரோடு திரும்பியவர்கள்

சாவு எண்ணிக்கைக்கு வெளியே நிற்கும் இழப்புகளையும் ஒரு பார்வை பார்த்துவிடுவோம். ஈராக்கில் அமெரிக்கப் படையினர் ஏறத்தாழ 4,500 பேர் மாண்டார்கள். காயமடைந்தவர்கள் 32,000 பேர். முந்தைய போர்களில் இறந்திருக்கக்கூடிய பலர், உடற்கவசத்தாலும் விரைவான அறுவை சிகிச்சையாலும் இப்போது பிழைக்கிறார்கள். கை, கால் இழந்தோ, வெடியதிர்வில் மூளை பாதிக்கப்பட்டோ பிழைக்கிறார்கள். பிரவுன் பல்கலைக்கழகத்தின் போர்ச்செலவுத் திட்டம் 2021இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2001க்குப் பிந்தைய போர்களில் பங்கேற்ற படையினரிலும் முன்னாள் படையினரிலும் 30,177 பேர் தற்கொலை செய்துகொண்டார்கள். அதே போர்களின் நடவடிக்கைகளில் இறந்தவர்கள் 7,057 பேர். அந்தப் போர்களால் வீடிழந்து இடம்பெயர்ந்தோர் குறைந்தது 3.8 கோடி என்பதும் அதே திட்டத்தின் மதிப்பீடு.

கருத்து வேறு, எதிர்ப்பு வேறு

இனி இரண்டாவது விஷயம். முன்பெல்லாம் மக்கள் போரை எதிர்த்தார்கள், இப்போது எதிர்ப்பதில்லை என்ற பொதுவான பேச்சு பாதிதான் உண்மை. கருத்தளவில் எதிர்ப்பது ஒன்று. அதற்காகத் தெருவில் இறங்குவது, தேர்தலில் விலை வைப்பது, வேலையை இழக்கத் துணிவது மற்றொன்று. இவ்விரண்டையும் ஒரே சொல்லால் குறிப்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது.

வியட்நாமுக்குப் படை அனுப்பியது தவறு என்று சொன்ன அமெரிக்கர்கள் பாதிக்கு மேல் ஆனது 1968 ஆகஸ்டில், காலப் நிறுவனத்தின் கணிப்பில். அப்போது இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கப் படையினர் மாண்டிருந்தார்கள். ஈராக் விஷயத்தில் அதே நிறுவனத்தின் கணிப்பு பாதியைத் தாண்டியது 2004 ஜூனில். அப்போது மாண்டிருந்தவர்கள் ஆயிரம் பேரைக்கூட எட்டவில்லை. கருத்தை மட்டும் பார்த்தால், மக்களின் பொறுமை முன்னைவிட விரைவாகவே தீர்ந்திருக்கிறது. தேய்ந்தது கால்களின் எதிர்ப்பு. 1969 அக்டோபரிலும் நவம்பரிலும் அமெரிக்க நகரங்களை நிறைத்த கூட்டங்களைப் போன்ற தொடர்ச்சியான எதிர்ப்பு, ஈராக் போர் நீண்ட அந்த எட்டேமுக்கால் ஆண்டுகளில் உருவாகவில்லை. போர் தவறு என்று நினைக்கும் ஒரு பெரும்பான்மை, தன் அன்றாடத்தை மாற்றிக்கொள்ளாமலே அதைச் சுமந்துசெல்ல முடிந்தது. ஏன் முடிந்தது என்பதே இனிவரும் பகுதி.

மோட்டாரும் மின்கட்டணமும்

மூன்று குடித்தனங்கள் உள்ள ஒரு வீட்டில், தண்ணீர் மோட்டாருக்கான மின்கட்டணம் வீட்டு உரிமையாளரின் கணக்கில் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மொட்டைமாடித் தொட்டி நிரம்பி வழிந்து சுவரோரம் அருவிபோல் ஒழுகினாலும் யாரும் உடனே எழுந்துபோய் நிறுத்த மாட்டார்கள். அந்தக் கட்டணத்தை மூன்று குடித்தனங்களுக்கும் பிரித்துவிட்டால், அடுத்த மாதத்திலிருந்து முதல் சொட்டு விழும் ஓசையே எல்லார் காதிலும் விழும். குடியிருப்போரின் குணம் ஒரு மாதத்தில் மாறிவிடவில்லை. கட்டணச் சீட்டு வந்துசேரும் கதவு மாறியது.

வியட்நாம் போரின் சீட்டு வந்த கதவு எது என்பதை அமெரிக்கக் குடும்பங்கள் 1969 டிசம்பர் 1 அன்று தொலைக்காட்சியில் கண்டன. ஆண்டின் 366 நாள்களும் ஒவ்வொன்றாக எழுதி அடைக்கப்பட்ட நீல நிற உறைக்குப்பிகள் ஒரு கண்ணாடிச் சாடியில் இருந்தன. முதலில் வெளிவந்த நாள் செப்டம்பர் 14. 1944 முதல் 1950 வரைக்குள் அந்தத் தேதியில் பிறந்த இளைஞர்கள் அனைவரும் படைக்கு அழைக்கப்படுவோர் வரிசையில் முதலில் நின்றார்கள். அரசு ஆணையால் குடிமக்களைப் படையில் சேர்க்கும் இந்த முறைக்குக் கட்டாயப் படைச்சேவை என்று பெயர். வியட்நாம் போர்க்காலத்தில் 18 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இவ்வாறு சேர்க்கப்பட்டார்கள். கல்லூரி மாணவர்களுக்கும் செல்வாக்குள்ளோருக்கும் தப்பிக்கும் வழிகள் இருந்தன என்பதால் இதை நியாயமான முறை என்று சொல்லிவிட முடியாது. ஆயினும், பிள்ளையின் பிறந்தநாள் எந்த எண்ணில் வந்தது என்று ஒரு நாடே விசாரித்துக்கொண்டிருந்தது.

அந்தக் குலுக்கல் ஆய்வாளர்களுக்கு ஓர் அரிய வாய்ப்பையும் தந்தது. யாருக்கு எந்த எண் விழும் என்பது குணத்தாலோ கல்வியாலோ முடிவாகவில்லை, தற்செயலால் முடிவானது. அக்கால இளைஞர்களைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்த தரவுகளை வைத்து 2011இல் வெளியான ஓர் ஆய்வு, அழைக்கப்படும் வாய்ப்பு மிகுந்த எண்ணைப் பெற்றவர்கள், வாய்ப்புக் குறைந்த எண்ணைப் பெற்றவர்களைவிடப் போரை அதிகம் எதிர்த்தார்கள் என்றும், அந்த வேறுபாடு நெடுங்காலம் நீடித்தது என்றும் கண்டது. சாடியிலிருந்து வந்த ஒரு சீட்டு ஒரு மனிதரின் அரசியலை மாற்றியிருக்கிறது.

1973இல் கட்டாயச் சேவை முடிவுக்கு வந்தது. விரும்பிச் சேர்வோர் மட்டும் உள்ள படை உருவானது. 2001க்குப் பின்னரான போர்களில், எந்தவொரு சமயத்திலும் பணியில் இருந்தவர்கள் அமெரிக்க மக்கள்தொகையில் சுமார் அரை விழுக்காடு. அதே குடும்பங்கள், அதே ஊர்கள் மீண்டும் மீண்டும் பிள்ளைகளை அனுப்பின. மற்றவர்கள் விமான நிலையங்களில் சீருடையைக் கண்டால் நன்றி சொன்னார்கள்.

பணத்திலும் இதே இடமாற்றம் நிகழ்ந்தது. கொரியப் போருக்கு அதிபர் ட்ரூமன் வரியை உயர்த்தினார். வியட்நாமுக்காக 1968இல் வருமான வரியின் மீது 10 விழுக்காடு கூடுதல் வரி விதிக்கப்பட்டது. 2003 மார்ச்சில் ஈராக்கினுள் படைகள் நுழைந்தன. அதே ஆண்டு மே மாதம் வரிகள் குறைக்கப்பட்டன. போர் கடனில் நடந்தது. கடனில் நடத்திய கல்யாணத்தில் விருந்து குறையாது. வட்டி கட்டுபவர் அன்று பந்தியில் இருக்க வேண்டிய அவசியமில்லை, பிறந்திருக்கக்கூட வேண்டியதில்லை.

கண்ணுக்குத் தெரிவதும் குறைக்கப்பட்டது. அமெரிக்காவின் டோவர் விமானத் தளத்துக்கு வந்திறங்கும் படையினரின் சவப்பெட்டிகளைப் படமெடுக்க 1991இல் விதிக்கப்பட்ட தடை, 2009 வரை நீடித்தது. பின்னரும் குடும்பத்தாரின் ஒப்புதல் இருந்தால் மட்டுமே அனுமதி. ஆளில்லா விமானங்களும் தொலைதூர ஏவுகணைகளும் வந்தபின் சவப்பெட்டிகளே குறைந்தன. 2011இல் லிபியாவின் மீது குண்டுவீச்சு அறுபது நாள்களைக் கடந்தபோது, அதற்குமேல் தொடரச் சட்டப்படி நாடாளுமன்றத்தின் ஒப்புதல் வேண்டாமா என்ற கேள்விக்கு ஒபாமா அரசு தந்த விடை கூர்ந்து படிக்கத்தக்கது: அமெரிக்கத் தரைப்படை அங்கே இல்லை, அமெரிக்கர்கள் பெருமளவில் உயிரிழக்கும் ஆபத்தும் இல்லை, ஆகவே சட்டம் சொல்லும் பொருளில் இது "போர்ச் செயல்" ஆகாது. யார் சாகிறார்கள் என்பதைப் பொறுத்தே போர் என்ற சொல்லின் பொருள் அமைகிறது என்பதை ஓர் அரசு இவ்வளவு வெளிப்படையாக எழுதிவைத்தது அரிது.

ஆக, உயிரின் செலவு சிறு வட்டத்துக்கும், பணத்தின் செலவு எதிர்காலத்துக்கும், காட்சியின் செலவு பார்வைக்கு வெளியேயும் நகர்த்தப்பட்டது. பெருஞ்செலவு எப்போதும்போல் போர் நடந்த மண்ணிலேயே தங்கியது. அந்த மண்ணில் வாழ்பவர்களுக்கு அமெரிக்கத் தேர்தலில் வாக்கு இல்லை.

எண் பெருகும்போது மனம் மரத்துப்போவது

இவற்றோடு மனத்தின் இயல்பான ஒரு குறையும் சேர்கிறது. 2015 செப்டம்பரில், துருக்கிக் கடற்கரையில் முகம் புதைந்து கிடந்த ஒரு சிரியச் சிறுவனின் படம் உலகெங்கும் பரவியது. சிரிய அகதிகளுக்காகச் சுவீடனின் செஞ்சிலுவைச் சங்கம் திரட்டிவந்த நிதிக்கு அந்த வாரத்தில் நாள்தோறும் வந்த நன்கொடைகளின் எண்ணிக்கை நூறு மடங்குக்கு மேல் உயர்ந்தது. ஆறு வாரங்களில் பழைய நிலையை நெருங்கிவிட்டது. அந்தப் படத்துக்கு முன்பே சிரியாவில் லட்சக்கணக்கானோர் மாண்டிருந்தார்கள். அந்த எண் யாருடைய கையையும் பைக்குள் விடவைக்கவில்லை. எண்ணிக்கை கூடக்கூட உணர்வு கூடாமல் மங்குவதை உளவியலாளர் பால் ஸ்லோவிக் உணர்வு மரத்துப்போதல் என்று விளக்குகிறார். இது தனிமனிதரின் கல்நெஞ்சம் அல்ல. ஒரு முகத்துக்கு இரங்கப் பழகிய மனத்தின் எல்லை. செலவு எங்கோ நகர்த்தப்பட்டபின், அதை நினைவூட்ட எஞ்சியிருப்பது எண்கள் மட்டுமே என்பதால், இந்த எல்லை மேலும் கனக்கிறது.

மௌனங்கள் ஒரே வகையல்ல

தெரு அமைதியாக இருப்பதற்கு வேறு காரணங்களும் உண்டு. ஒன்று, முயன்று தோற்ற களைப்பு. 2003 பிப்ரவரி 15 அன்று சுமார் 600 நகரங்களில் மக்கள் ஈராக் போருக்கு எதிராகத் திரண்டார்கள். ரோமில் மட்டும் முப்பது லட்சம் பேர் என்று கின்னஸ் பதிவு சொல்கிறது. ஐந்து வாரத்தில் படையெடுப்பு தொடங்கிவிட்டது. போர் தொடங்குவதற்கு முன்பே அவ்வளவு பேர் எதிர்த்ததும், அது ஒரு நாளைக்கூடத் தள்ளிப்போடாததும் அந்தத் தலைமுறைக்கு மறக்க முடியாத பாடமாயிற்று.

மற்றொன்று, கட்சிச் சார்பு. அமெரிக்கப் போர் எதிர்ப்புக் கூட்டங்களுக்கு வந்தவர்களில் பெரும்பகுதியினர் ஜனநாயகக் கட்சி ஆதரவாளர்கள். 2008இல் அவர்கள் கட்சியே வென்றபின் கூட்டங்கள் வற்றின. அதே அரசு ஆப்கானிஸ்தானில் படையைச் சுமார் ஒரு லட்சமாக உயர்த்தியபோது எதிர்க்கப் பழைய முகங்கள் வரவில்லை. அவர்கள் எதிர்த்தது போரையா, போரை நடத்தியவரையா என்ற சங்கடமான கேள்வி அங்கே எழுகிறது.

மூன்றாவது, அச்சம். இதை முன்னிரண்டோடு கலக்கவே கூடாது. 2022 பிப்ரவரியில் உக்ரைன் மீதான படையெடுப்பை எதிர்த்து ரஷ்ய நகரங்களில் மக்கள் கூடினார்கள். மார்ச் 4 அன்று, படைகளைப் பற்றிப் "பொய்த் தகவல்" பரப்புவோருக்குப் பதினைந்து ஆண்டுகள் வரை சிறை என்று சட்டம் வந்தது. அதன்பின் நிலவிய அமைதியை ஆதரவு என்று படிப்பது தவறு. ஆதரவே இல்லை என்று படிப்பதும் தவறு. அச்சத்தின் கீழ் எடுக்கப்படும் கருத்துக் கணிப்பிலிருந்து உறுதியாக ஒன்றையும் படிக்க முடியாது.

ஆனால் அந்த அமைதி ஒருமுறை வெளிப்படையாக உடைந்தது. 2022 செப்டம்பர் 21 அன்று மூன்று லட்சம் பேரைப் படைக்கு அழைக்கும் ஆணையைப் புதின் அறிவித்தார். அன்றே பல நகரங்களில் போராட்டங்கள் நடந்து ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கைதானார்கள். இஸ்தான்புல்லுக்கும் எரவானுக்கும் விமானச் சீட்டுகள் தீர்ந்தன. ஜார்ஜிய, கஜகஸ்தான் எல்லைகளில் கார்கள் மைல் கணக்கில் நின்றன. ஏழு மாதங்களாக நடந்துவந்த அதே போர், அதே சட்டம், அதே மக்கள். அழைப்பாணை மட்டும் புதியது.

கிரெம்ளின் அதைக் கவனித்தது. அடுத்த மூன்று ஆண்டுகளில் அத்தகைய இன்னோர் ஆணை வரவில்லை. அதற்குப் பதிலாகச் சிறைக்கைதிகளும், ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டால் பெருந்தொகை என்ற அழைப்பை ஏற்றவர்களும் களத்துக்குப் போனார்கள். 2024 ஜூலையில் மாஸ்கோ நகர நிர்வாகம் கையெழுத்துக்கு மட்டும் 19 லட்சம் ரூபிள் தருவதாக அறிவித்தது. இரங்கல் குறிப்புகளையும் கல்லறைகளையும் ஒவ்வொன்றாகத் தொகுத்துவரும் மீடியாசோனா செய்தித்தளமும் பிபிசியின் ரஷ்யப் பிரிவும் இறந்த ரஷ்யப் படையினரில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பெயர்களை உறுதிசெய்திருக்கின்றன. மக்கள்தொகை வீதத்தில் அந்தப் பட்டியலில் மிகுந்திருக்கும் ஊர்கள் மாஸ்கோவையோ செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கையோ சேர்ந்தவை அல்ல. அவை சைபீரியாவின் தெற்கில் உள்ள துவாவையும் புரியாத்தியாவையும் போன்ற வறிய குடியரசுகளில் இருக்கின்றன.